சைக்கிளை உடைத்தார்கள், பாஸ்போர்ட்டை எரித்தார்கள்

கல்லூரியில் என்னோடு படித்தவன் ஒருவன் இப்போது ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். கோடை விடுமுறையில் டான்யூப் ஆற்றங்கரையில் சைக்கிள் ஓட்டிப் போயிருக்கிறான். ஜெர்மனியின் பாசாவில் ஏறி, ஆற்றின் போக்கிலேயே ஆஸ்திரியாவின் வியன்னா வரை, முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஒரு வாரம். எங்கள் பழைய வகுப்புக் குழுவில் படங்கள் வந்து குவிந்தன. ஆப்பிள் தோட்டம், திராட்சைச் சரிவு, ஆற்றைக் கடக்கும் சின்னப் படகில் நிற்கும் சைக்கிள்கள். கடைசியில் ஒரு வரி: "நம்ம தாமிரபரணிக் கரையிலயும் இப்படி ஒரு பாதை போடலாம்லா? ஏன்டா யாரும் செய்ய மாட்டேங்காங்க?"

பதில்கள் வரிசையாக வந்தன. வெயில் என்றான் ஒருவன். நாய் என்றான் இன்னொருவன். மணல் லாரி, குண்டும் குழியுமான ரோடு, அக்கறையில்லாத சுற்றுலாத் துறை. நாற்பது பேர் இருக்கும் குழுவில் ஒருவர் வாயிலிருந்தும் அந்த ஒரு சொல் வரவில்லை. இதை நம் அமைப்புத் தோழர் ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "இதெல்லாம் மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு தோழர், இதுக்கெல்லாம் கட்டுரை எழுதுவீங்களா?" என்றார். எழுதுகிறேன் தோழர். உங்களுக்கும் அவனுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பயணம் என்னவென்று பார்ப்போம். வழிகாட்டி யாரும் கூட வருவதில்லை. ஒரு நிறுவனம் வரைபடம் கொடுக்கிறது, இரவு தங்கப் படுக்கை பதிவு செய்கிறது, பெட்டியை அடுத்த ஊருக்கு வண்டியில் கொண்டுபோய் வைக்கிறது. மற்றதெல்லாம் உங்கள் விருப்பம். தாகம் எடுத்தால் நிற்கலாம். மரத்தடியில் தூங்கலாம். கண்ணில் படுகிற ஊருக்குள் நுழைந்து, எதிர்ப்படும் ஆளிடம் தண்ணீர் கேட்கலாம். யார் வீட்டு மாடியிலும் காசு கொடுத்துப் படுக்கலாம். என் நண்பன் ஒரு வாரத்தில் பல ஊர்களில் நின்றிருக்கிறான். நிறம் பார்த்து முறைத்தவர்கள் இருந்திருக்கலாம். ஐரோப்பாவைச் சொர்க்கம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 'உன் ஊரில் எந்தத் தெரு?' என்று எவரும் அவனைக் கேட்கவில்லை. இந்த ஊரிலும் யாரும் அவனை அப்படிக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லாத தெருவில் பிறந்தவன் அவன்.

தாமிரபரணிக் கரையில் நான் நின்றிருக்கிறேன். வைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி, ஆழ்வார்திருநகரி, ஏரல், ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயல் வரை. அழகான வழி. வாழைத்தோட்டம், வெற்றிலைக் கொடிக்கால், வயல், கடைசியில் உப்புக்காற்று. பக்கத்திலேயே ஆதிச்சநல்லூர். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் வந்து தாழிகளைத் தோண்டி பெர்லினுக்கு அள்ளிக்கொண்டு போனார். அவரிடம் யாராவது தெரு கேட்டிருப்பார்களா என்று சில நேரம் யோசிப்பேன். கொஞ்சம் கிழக்கே கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம். கடல் பின்வாங்கி இப்போது வயலுக்கு நடுவே கிடக்கிறது. மூச்சை அடக்கி மூழ்கியவன் பரதவன். முத்து போனது முதலில் பாண்டியனுக்கு, பிறகு போர்ச்சுக்கீசியனுக்கு, டச்சுக்காரனுக்கு, இங்கிலீஷ்காரனுக்கு. ஐரோப்பியச் சுற்றுலாத் துறையின் கையில் கிடைத்திருந்தால் இந்த அறுபது கிலோமீட்டரை உலகத்துக்கே விற்றிருப்பார்கள்.

அந்த வழியில் ஒரு டீக்கடையில் சைக்கிளை நிறுத்தினால் என்ன நடக்கும்?

"எந்த ஊரு தம்பி?"

ஊரைச் சொல்லுவேன்.

"அங்க எந்தப் பக்கம்?"

அதையும் சொன்னால், "யாரு மவன்?"

மூன்றாவது கேள்வியின் பதிலுக்குப் பிறகு சிரிப்பு அப்படியே இருக்கிறதா, குறைகிறதா என்று பார்க்க நமக்குச் சின்ன வயதிலேயே பழக்கிவிட்டார்கள். இதைக் கிராமத்து வெள்ளந்தித்தனம் என்று சினிமாவில் காட்டுவார்கள். இது சோதனைச் சாவடி.

அம்பேத்கர் இதைத்தான் எழுதினார். அவருடைய தன்வரலாற்றுக் குறிப்புகளுக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பெயர். சொந்த நாட்டுக்குள் போவதற்கு விசா. அந்தக் குறிப்புகளில் பெரும்பகுதி பயணங்கள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? 1901இல் கோரேகானுக்கு அப்பாவைப் பார்க்கப் போகும் சிறுவர்களுக்கு மாட்டுவண்டி கிடைக்கவில்லை. இரண்டு மடங்கு கூலி கொடுத்து, வண்டியைச் சிறுவர்களே ஓட்ட, வண்டிக்காரன் தீட்டுக்குப் பயந்து நடந்து வருகிறான். கையில் சோறு இருக்கிறது, தண்ணீர் தர ஆளில்லை. 1929இல் சாலிஸ்கானில் குதிரைவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்து, ஓட்டத் தெரியாத ஆள் ஓட்டியதில் வண்டி கவிழ்கிறது. 1934இல் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. அது ஒரு சுற்றுலா. தோழர்கள் சேர்ந்து வேரூள் குகைகளைப் பார்க்கக் கிளம்பி, வழியில் தௌலதாபாத் கோட்டையில் இறங்குகிறார்கள். புழுதி படிந்த முகத்தை அங்கிருந்த குளத்தில் கழுவியதற்குக் கூச்சல், மிரட்டல். கடைசியில் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய காவலன் ஒருவன் கூடவே வருகிறான். வழிகாட்டி இல்லாத பயணம் தலித்துக்குக் கிடையாது. வழியெல்லாம் காவல்காரன் உண்டு.

என் அப்பா உப்பளத் தொழிலாளி. 1980களில் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினார். விடியலுக்கு முன்பே, சூரியன் ஏறிக் கண்ணைப் பறிக்கும் முன், பாத்தியில் இறங்க வேண்டும். அளத்துக்குப் போகும் வழியில் ஓர் ஊர். தெரு தொடங்கும் இடத்தில் இறங்கி, உருட்டிக்கொண்டு நடந்து, கடைசி வீட்டைத் தாண்டியபின் மறுபடி ஏற வேண்டும். அதிகாலை மூன்றரை மணிக்கு, ஊரே தூங்கும்போதும். "யாரு பாக்கப் போறா, ஏறிப் போயிருக்கலாம்லா?" என்று ஒருமுறை கேட்டேன். "நாய் கொரைக்கும்ல" என்றார். தென்மாவட்டங்களில் தீண்டாமை வடிவங்களைக் கணக்கெடுத்த எந்த ஆய்வை எடுத்தாலும் இது பட்டியலில் இருக்கும்: சைக்கிளில் போகத் தடை, செருப்புப் போடத் தடை. நடக்கிறவனைவிட ஓட்டுகிறவன் ஒரு முழம் உயரம். அந்த ஒரு முழம்தான் பிரச்சினை.

கொடியங்குளம் தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31. சுமார் 600 போலீசார் பட்டப்பகலில் அந்த தலித் கிராமத்துக்குள் புகுந்தார்கள். எதை உடைத்தார்கள் என்ற பட்டியலை இளைய தோழர்கள் ஒருமுறை படிக்க வேண்டும். தொலைக்காட்சி, மின்விசிறி, டேப் ரெக்கார்டர், தையல் இயந்திரம், சைக்கிள். துணிகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும், வெளிநாடு போக வைத்திருந்த பாஸ்போர்ட்டுகளையும் எரித்தார்கள். கிணற்றில் நஞ்சைக் கொட்டினார்கள். வளைகுடா நாடுகளில் உழைத்து அனுப்பிய காசில் அந்த ஊர் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. குற்றவாளியைத் தேடி வந்தவனுக்குப் பாஸ்போர்ட்டோடு என்ன பகை? ஊரைவிட்டுப் போகிற வழி அது. சைக்கிளோடு என்ன பகை? ஊருக்குள் தலைநிமிர்ந்து போகிற வழி அது. டான்யூப் கரைக்குப் போக ஒருவருக்கு வேண்டியவை இந்த இரண்டும்தானே நண்பா!

நான்கு ஆண்டுகளில் ஆறே சாட்சியானது. 1999 ஜூலை 23. சிறையிலிருக்கும் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளரை விடுவிக்கவும் கூலி உயர்வுக்கும் மனுக் கொடுக்க, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்த மக்களை ஒரு பக்கம் தடியும் மறு பக்கம் ஆறுமாக நெருக்கினார்கள். 17 பேர் செத்தார்கள். அதில் இன்னும் பேச்சு வராத ஒரு குழந்தை. கொக்கிரகுளத்தில் இன்று நீங்கள் சைக்கிளை நிறுத்தினால் அந்த இடத்தில் என்ன நடந்தது என்று சொல்ல எதுவும் இல்லை. நினைவிடம் கேட்டு ஆண்டுதோறும் குரல் எழுகிறது. ஆண்டுதோறும் போலீஸ் காவலோடு மலர் தூவ அனுமதி கிடைக்கிறது. இதே ஆற்றில் 2018இல் மகா புஷ்கரம் என்று லட்சக்கணக்கானவர்கள் முழுக்குப் போட்டார்கள். அதற்குப் படித்துறைகள் தயாராயின, பேருந்துகள் ஓடின.

என் நண்பன் போன பாதையில், லின்ஸ் நகரைத் தாண்டியதும், மௌத்ஹவுசன் இருக்கிறது. 1938இல் நாஜிகள் கல்குவாரிக்குப் பக்கத்தில் வைத்த வதைமுகாம். ஏறத்தாழ 1,90,000 பேரை அங்கும் அதன் கிளை முகாம்களிலும் அடைத்து, குறைந்தது 90,000 பேரைக் கொன்றார்கள். கைதிகள் கல் சுமந்து ஏறிய 186 படிகள் இன்றும் இருக்கின்றன. விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் ஆற்றங்கரையில் சைக்கிளை விட்டுவிட்டு மேலே ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றன. ஆப்பிள் தோட்டத்தையும் பார்க்கிறார்கள், அதையும் பார்க்கிறார்கள். ஆஸ்திரியாக்காரன் ரொம்ப யோக்கியன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தன் பங்கை ஒப்புக்கொள்ள அவன் பல பத்தாண்டுகள் இழுத்தடித்தான். ஆனால் ஒப்புக்கொண்டபின் பலகை வைத்தான். நம் ஆட்கள் நவதிருப்பதிக்கு மட்டும்தான் பலகை வைப்பார்கள்.

இப்போது 'மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு' என்ற தோழருக்கு வருகிறேன். ஐரோப்பியத் தொழிலாளிக்குச் சைக்கிள் விடுமுறையை யாரும் தங்கத்தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. 1896இல் ஜெர்மன் தொழிலாளர்கள் 'சாலிடாரிட்டேட்' என்று தங்களுக்கென ஒரு சைக்கிள் சங்கம் கட்டினார்கள். ஒற்றுமை என்று பொருள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகச் சைக்கிளில் போய்த் துண்டறிக்கை கொடுத்தார்கள். 1933இல் நாஜிகள் வந்ததும் அதற்குத் தடை. பிரான்சில் 1936இல் மாபெரும் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகுதான் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு சட்டமானது. அந்தக் கோடையில் முதல்முறையாகக் கடலைப் பார்க்கச் சைக்கிளில் கிளம்பினார்கள் ஆலைத் தொழிலாளர்கள். நம்மிடமும் இது இல்லாமலில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக் கொடுத்தது. குவாரிப் பெண்களும் கூலிப் பெண்களும் ஓட்டினார்கள். ஆண்கள் கேலி செய்தார்கள், அவர்கள் ஓட்டினார்கள்.

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுப்பு எங்கே? ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கினால் வேலை நிற்கும், கூலியும் நிற்கும். அதற்கு அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. வேலையில்லாமல் வீட்டில் முடங்குவது விடுமுறை ஆகாது. பசி இல்லாமல், பயம் இல்லாமல், காரணம் இல்லாமல் ஊர் சுற்றுவதே விடுமுறை. நம் ஆட்கள் பயணம் போவதெல்லாம் வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்கு, மாநாட்டுக்கு. சும்மா போவதற்கு உரிமை கேட்க நமக்கே கூச்சமாக இருக்கிறதென்றால், அந்தக் கூச்சத்தை நமக்குள் ஊட்டியது யார் தோழர்?

சும்மா போகிறவனைத்தான் அவர்கள் முதலில் வெட்டுகிறார்கள் என்பதையும் பாருங்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டிய தலித் மாணவரின் கைகளை வெட்டினார்கள். அடுத்த மாதமே, இதே வைகுண்டம் பக்கத்தில், தேர்வெழுதப் பேருந்தில் போன பதினோராம் வகுப்பு மாணவனைக் கீழே இழுத்துப்போட்டு விரல்களை வெட்டினார்கள். ஆற்றங்கரைச் சாலையில். என் நண்பன் பாதை போடச் சொன்ன அதே கரையில்.

சைக்கிளையே சாதியாக்கிவிட்டார்கள். 2001-02இல் தலித், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆனது. ஒரே நிறம், ஒரே மாதிரி. அதன்மேல் சாதி வண்ணம் பூசுகிறான் பதினைந்து வயதுப் பையன். நாங்குநேரி வன்முறைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கைக்கயிற்றோடு சாதி அடையாள வண்ணம் பூசிய சைக்கிள்களையும் பள்ளிக்கு வர விடக்கூடாது என்று பரிந்துரைக்க வேண்டியிருந்தது. சைக்கிளுக்குப் பூணூல் போட்ட நாடு வேறு எங்காவது இருக்கிறதா? பரிந்துரை வந்ததும் கட்சிகள் குதித்த குதி நினைவிருக்கும்.

ஆகவே நண்பா, பாதை வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதை வேண்டும். புன்னைக்காயல் வரை வேண்டும். ஆனால் நீ கேட்பது தார். நான் கேட்பது தார் போட்டபின் அதில் எந்த ஊரிலும் இறங்காமல் போவது. வழியில் நிற்கும் ஒவ்வொரு டீக்கடையும், விடுதியும், படித்துறையும் தெருவைக் கேட்காமல் இருப்பது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989லேயே வந்துவிட்டது. ஒரு மனிதனைப் பொதுவழியில் போகவிடாமல் தடுப்பது அதன்படி குற்றம். அந்தப் பிரிவைப் பாதையோரம் பலகையில் எழுதி வைக்கச் சொல். கொக்கிரகுளத்தில் 17 பெயர்களையும் கல்லில் வெட்டச் சொல். வாழைத்தோட்டத்தைப் பிறகு ரசிக்கலாம்.

வருகிற ஜூலை 23 அன்று நாங்கள் சிலர் கொக்கிரகுளத்தில் மலர் தூவிவிட்டு, அங்கிருந்து சைக்கிளில் புன்னைக்காயல் வரை போகலாம் என்றிருக்கிறோம். முழக்கம், கொடி எதுவும் கிடையாது. இரண்டு நாள், மெதுவாக, நினைத்த இடத்தில் நின்று. அப்பாவிடம் சொன்னேன். சைக்கிள் நல்லா இருக்கா, பிரேக் பிடிக்குதா என்று விசாரித்தார். டியூப் ஒன்று கூட எடுத்துக்கொள்ளச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"ராத்திரி எங்கப்பா படுப்பீங்க? அந்தப் பக்கம் நம்ம ஆளுக யாரும் இருக்காவளா?"