உப்புக்கண்டமும் பேக்கனும்

பேக்கன் என்றால் என்ன என்று நம் வயதுக்காரர்கள் சிலர் கேட்கக்கூடும். பன்றியின் வயிற்றுப்பகுதிக் கறியை உப்பில் ஊறவைத்து, பெரும்பாலும் புகையும் காட்டி, மெல்லிய துண்டுகளாகச் சீவி விற்பது. நம் உப்புக்கண்டத்துக்கு அது தூரத்து உறவு. இப்போது மதுரையிலும் கிடைக்கிறது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் காலையில் முட்டையோடு அதைத்தான் கேட்கிறார்கள். கேட்கும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுங்கள். ஆனால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள் என்பதே என் கட்சி.

நம் வீடுகளில் உப்புக்கண்டம் எப்படிப் போட்டார்கள்? ஆட்டுக்கறியை நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பூண்டும் அரைத்துத் தடவி, நூலில் கோத்து, பங்குனி, சித்திரை வெயிலில் தொங்கவிட்டார்கள். கறியின் ஈரத்தை உப்பு வெளியே இழுத்தது, வெயில் குடித்தது. ஈரம் இல்லாத இடத்தில் கிருமிக்குப் பிழைப்பு இல்லை. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் மாதக்கணக்கில் கறியைக் காப்பாற்றிய வித்தை அவ்வளவுதான்.

பேக்கனோ உலர்ந்த கறி அல்ல, ஈரமானது. அதனால்தான் சோடியம் நைட்ரைட் சேர்க்கிறார்கள். பாக்கெட்டில் ஐ.என்.எஸ். 250 என்று இருக்கும். ஒரு காலத்தில் இதே வேலைக்கு, பட்டாசு மருந்தில் சேரும் வெடியுப்பையே போட்டார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது 'சால்பேத்ர்' என்ற பெயரில்தான் முதலில் அறிமுகம். நைட்ரைட் கறியின் சிவப்பு நிறத்தைக் காக்கும்; பொட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமியைத் தடுக்கும். அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் கடும் சூட்டில் பொரிக்கும்போது அது கறியின் புரதப் பொருள்களோடு சேர்ந்து நைட்ரோசமைன் ஆகலாம். அது புற்றுநோய்க்கு வழிகாட்டுவது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல், பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று அறிவித்தது. தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. நூறு பேரில் 18 பேருக்கு வரும் என்று அர்த்தமல்ல. ஏற்கெனவே உள்ள வாய்ப்பு அந்த அளவு உயர்கிறது. 2022-ல் பிரான்ஸின் உணவுப் பாதுகாப்பு அமைப்பான ஆன்செஸும், நைட்ரைட்டுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று சொல்லி, அளவைக் குறைக்கப் பரிந்துரைத்தது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன் நான். மேலட்டையை மட்டும் பார்த்துக் குறிப்பு எழுத முடியாது. பாக்கெட்டும் அப்படித்தான். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் போடவேண்டும் என்பது சட்டம். கறிக்கு அடுத்த இடத்தில் தண்ணீர் இருந்தால், தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். சர்க்கரை தன் பெயரிலேயே வராது. டெக்ஸ்ட்ரோஸ், தேன், சோளப்பாகு என்றும் வரும். உப்பின் கரிப்பை மறைக்கவே பெரும்பாலும் அது. சத்துப் பட்டியலில் 'சேர்த்த சர்க்கரை' என்ற வரியை, சோடியத்தையும் சேர்த்து, இரண்டு கம்பெனிப் பாக்கெட்டுகளில் ஒப்பிடுங்கள். சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பும் இல்லாத வீடு நம் தெருவில் எத்தனை?

'நைட்ரைட் சேர்க்கவில்லை' என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருந்தாலும் பின்பக்கம் பாருங்கள். செலரிக் கீரைச் சாறோ பொடியோ இருந்தால், அதிலிருந்து வருவதும் அதே நைட்ரைட்தான். உண்மையிலேயே சேர்க்காதது என்றால் சீக்கிரம் கெடும். குளிர்பெட்டியில் வைத்து, பிரித்த சில நாளில் தீர்த்துவிட வேண்டும். பொரிக்கும்போது கருக விடாதீர்கள்.

இதனால் உப்புக்கண்டம் அமுதம் என்று சொல்ல வரவில்லை. உப்பிட்டுப் பதப்படுத்தியதால் அதுவும் அந்த 2015 அறிவிப்பில் அடங்கும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள்தான் உப்பு என்கிறார்கள். கண்டத்தில் உப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதை யாரும் தட்டு நிறையத் தின்றதில்லை. அலசி, வறுத்து, ரசஞ்சோற்றுக்கு இரண்டு துண்டு, அதுவும் எப்போதாவது. பேரப்பிள்ளைக்குப் பேக்கன் வைக்கும்போதும் அந்தக் கணக்கே போதும்.