கூட்டைத் தாருங்கள், வீட்டை நாங்களே முடிப்போம்



தேயிலைத் தோட்டத்தில் வேலை முடிந்தால் தோட்ட வீடும் கைவிட்டுப் போகும். என் மாணவர்களின் தாத்தா பாட்டிகளுக்குச் சொந்தக் கூரை கேட்டால், "முழு வீடு வாங்க அவர்களிடம் பணம் ஏது?" என்கின்றனர். முழு வீடுதான் வேண்டுமென்று யார் கேட்டது?

அடித்தளம், தூண், சுவர், கூரை, கழிவறை, மின்கம்பி, வடிகால் ஆகியவற்றைத் தகுதிபெற்ற குத்தகையாளர் முடிக்கட்டும். தானா ராத்தாவின் மலைச்சரிவிலும் மழையிலும் இவற்றில் சிக்கனம் பார்க்கலாகாது. இவை செம்மையாக இல்லையேல், 2007 முதல் நடப்பிலுள்ள சி.சி.சி. எனும் நிறைவுச் சான்றிதழ் கிடைக்காது. அஃதின்றிக் குடியேறவும் இயலாது. சாயம், தரை ஓடு, அலமாரி, உட்கூரை? அவற்றைப் பிள்ளைகளும் பேரர்களும் விடுமுறைதோறும் சிறுகச் சிறுக முடித்துவிடுவர்.

இது வெறுங்கனவன்று. சிலி நாட்டின் இக்கிக்கே நகரில் 2004இல் கட்டடக் கலைஞர் அரவேனாவின் குழு, ஏறத்தாழ 100 குடும்பங்களுக்குப் பாதி வீடு கட்டித் தந்தது. மீதியை அக்குடும்பங்களே கட்டிக்கொண்டன. இலங்கையின் வடக்கு கிழக்கில் 2012 முதல் இந்திய வீடமைப்புத் திட்டம், கட்டுமானம் வளர வளரப் பணத்தைத் தவணையாக உரிமையாளர் கணக்கிலேயே செலுத்தியது. போரில் அனைத்தையும் இழந்தவர்களை நம்பினார்கள். உழைத்து ஓய்ந்தவர்களை நாம் நம்பக் கூடாதா?

வீடு கட்ட ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கவும் வழியுண்டு. ஆனால் மனையே இல்லாதவர் எதன்மேல் கட்டுவார்?

ஆகவே, தலைவர்களே, தேர்தல் நேரத்து அரிசிப் பை எங்களுக்கு வேண்டா. நிலப்பட்டாவும் உறுதியான கூடும் தாருங்கள். எஞ்சிய வேலையைச் செய்யக் கொழுந்து பறித்த கைகளுக்குத் தெரியும்.