ரங்கூனில் யாருக்கு நாற்காலி போட்டார்கள்?

ஆசிய சோசலிஸ்டுகளின் ஒற்றுமை என்று யாராவது மேடையேறினால் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சேரியிலிருந்து யாருய்யா போனது?

1953 ஜனவரியில் ரங்கூனில் ஆசிய சோசலிஸ்ட் மாநாடு கூடியது. பர்மா, இந்தோனேசியா, இந்தியா, ஜப்பான் எனப் பல நாட்டுக் கட்சிகள். பிரிட்டனிலிருந்து அட்லியே வந்திருந்தார். காலனியாதிக்கம், உலக அமைதி, பொருளாதாரம், நிலம் எல்லாம் பேசினார்கள். பேச வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் தீண்டாமைக்கென்று ஒரு தலைப்பு கிடையாது. வெள்ளைக்காரன் மிதிச்சா ஏகாதிபத்தியம், ஊர்க்காரன் மிதிச்சா உள்ளூர் வழக்கமா?

நிலத்தையே எடுத்துக்கொள்வோம். உழுபவனுக்கே நிலம் என்றார்கள். எவன் உழுபவன்? குத்தகை யார் பேரில் இருக்கிறதோ அவன். அவன் பெரும்பாலும் சாதி இந்து. சேற்றில் இறங்குகிற பண்ணையாளுக்குக் குத்தகையும் இல்லை, பட்டாவும் இல்லை. சட்டம் வந்தபோது நம்ம ஆளுக்கு எஜமான் மாறினான், அவ்வளவுதான். 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் ஒரே குடிசையில் வைத்து 44 பேரை எரித்தார்களே, கேட்டது நிலம்கூட இல்லை, கூலி நெல்.

அம்பேத்கர் சோசலிஸ்டுகளை ஒதுக்கியவர் அல்ல. 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சி கட்டியவர். முதல் பொதுத்தேர்தலில் சோசலிஸ்ட் கட்சியோடு கூட்டு வைத்து பம்பாயில் தோற்றவர். 1954 டிசம்பரில் அவரும் ரங்கூன் போனார், உலக பௌத்தர் மாநாட்டுக்கு. 1956 நவம்பரில் சோசலிஸ்டுகளின் இரண்டாவது மாநாடு அவருடைய பம்பாயிலேயே நடந்தது. அதற்குச் சில வாரம் முன்புதான் நாகபுரியில் லட்சக்கணக்கானோர் இந்து மதத்தை உதறியிருந்தார்கள். அதே நவம்பரில் அவர் காட்மாண்டுவில் புத்தரையும் மார்க்சையும் எதிரெதிரே நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். (சாதியைப் பேசிய லோகியாவோ அதற்குள் பிரஜா சோசலிஸ்ட் கட்சியை விட்டு வெளியே.)

ஜப்பானிலும் பிறப்பால் ஒதுக்கப்பட்ட புராக்கு மக்கள் உண்டு. தோல் வேலை, இறைச்சி வேலை, தனிக் குடியிருப்பு. நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1922லேயே சொந்த அமைப்பு கட்டினார்கள். அவர்கள் தலைவர் மட்சுமோட்டோ ஜீச்சிரோ சோசலிஸ்ட் கட்சிக்காரர். 1947இல் நாடாளுமன்ற மேலவையின் துணைத்தலைவரானார். கட்சியில் இருந்தார், தன் அமைப்பைக் கரைக்கவில்லை. அந்த மக்களும் நம் மக்களும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் அதுதானே ஆசிய ஒற்றுமை?

1960இல் இந்தோனேசிய சோசலிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. 1962இல் பர்மாவில் ராணுவம் வந்தது. மாநாடும் போச்சு. 2009இல் ஆசிய சமூக ஜனநாயகக் கட்சிகள் மறுபடி ஒரு கூட்டமைப்பு கண்டன. மலேசியாவின் ஜனநாயக செயல் கட்சி, பிலிப்பைன்சின் அக்பயான் எல்லாம் அதில் உண்டு. நல்லது. நாமும் வருகிறோம், தனி அமைப்பாக, நம் ஆளை நாமே தேர்ந்தெடுத்து. சாதி ஒழிப்பை முதல் நாள் காலை அமர்விலேயே வையுங்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் வேண்டாம், அப்போ பாதிப் பேர் தூங்கிடுறாங்க.