வழிப்போக்கரின் உரிமை



ஏ9 பெருந்தெருவை நம் மூத்தவர்கள் 'கண்டி றோட்டு' என்றே சொல்வார்கள். 1950, 60களில் சோனகத் தெருவின் லொறிக்காரருக்கும் இரும்பு வியாபாரிகளுக்கும் அதுவே பிழைப்பின் பாதை. ஆனையிறவில் ஒல்லாந்தர் காலத்துச் சிறு கோட்டை பின்னாளில் வாடிவீடாக இருந்தது. பரந்தன், கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம் என்று வழிநெடுகத் தேநீர்க் கடைகள். முறிகண்டியில் கச்சான் வாங்காமல் வண்டி நகராது. பெற்றோல் செட்டுகளில் அந்நியக் கம்பெனிகளின் பெயர்கள் தொங்கின. 1961ல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைந்து, 1964ல் விநியோகம் முழுவதும் அதன் கைக்கு வந்தது.

தேநீர்க் கடைக்கும் மார்க்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரில் வழிப்போக்கரும் ஒருவர். ஊரில் செல்வந்தராக இருந்தாலும், வழியில் கையிலே ஒன்றுமில்லாமல் தவித்தால் அவருக்கு அந்த உரிமை உண்டு. தேவைக்கு மிஞ்சிய தண்ணீரை வழிப்போக்கருக்குக் கொடுக்க மறுப்பவரை மறுமையில் அல்லாஹ் ஏறிட்டும் பார்க்க மாட்டான் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். இதை உணர்ந்துதான், 831ல் மறைந்த ஸுபைதா அம்மையார், கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் சுமார் 1400 கிலோமீற்றர் பாலைவனப் பாதையில் ஹாஜிகளுக்காகக் கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் தங்குமிடங்களும் அமைக்கப் பொருளை அள்ளிக் கொடுத்தார்.

1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை ஓரிரு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வீடும் கடையும் உள்ளவர்கள் ஒரே நாளில் வழிப்போக்கர்கள் ஆனார்கள். குடாநாட்டில் எஞ்சிய தமிழ்ச் சகோதரர்களும் சுகமாக இருக்கவில்லை. எரிபொருள் தடையால் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் போத்தலில் விலைபோனது. மூடுண்ட பாதை 2002ல் திறந்து, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடியது. 2009ல் போர் முடிந்த பிறகுதான் நிலையாகத் திறந்தது. பாதை மூடினால் தேநீர்க் கடைக்காரனின் அடுப்பும் அணைந்துவிடும்; அவன் எந்த மதத்தவனாயினும் அவன் பிள்ளைக்குப் பசி ஒன்றுதான்.

"நம்மைத் துரத்தியவர்களின் ஊருக்கா போகிறோம்?" என்று பேரப்பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? நடந்த அநியாயத்தை மறைக்காதீர்கள். அதே வேளை, ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்யலாகாது என்னும் குர்ஆனின் போதனையையும் (5:8) சேர்த்துச் சொல்லுங்கள். துரத்தியவர் வேறு, இன்று பிளேன்ரீ ஊற்றித் தருபவர் வேறு என்று பிள்ளை விளங்கிக்கொள்ளட்டும்.

பயணத்தில் சில காரியங்களைப் பேணுவோம். யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் இடையே சுமார் 140 கிலோமீற்றர். ஷாபிஈ மத்ஹபின்படி ளுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழலாம். தொழ இடம் கேட்கும்போது பணிவாகக் கேளுங்கள். சாப்பாட்டுப் பொதியின் தாளைத் தெருவில் எறியாதீர்கள்; பாதையிலுள்ள இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை அல்லவா!

வீதியோரம் கடை வைத்திருக்கும் சகோதரர்களே! வாசலில் ஒரு குடம் நல்ல தண்ணீர், பெண்கள் தொழ ஒரு மறைவிடம், சுத்தமான மலசலகூடம்: இம்மூன்றையும் ஏற்படுத்துங்கள். 2022ல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்கில் காத்துக் கிடந்தவர்களுக்கு ஒரு கோப்பைத் தேநீரின் அருமை தெரியும்.

வழிப்போக்கரின் துஆ ஏற்கப்படும் துஆக்களில் ஒன்று. அந்த துஆவில் நமக்கும் பங்கு கிடைக்க அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.