சிறுத்தைப்புலியும் ஆட்டுக் கொட்டிலும்

ஊருக்குள் சிறுத்தைப்புலி வந்தது என்ற செய்தி இப்போது மலையடிவாரக் கிராமங்களோடு நின்றுவிடுவதில்லை. 2024ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், காவிரிப் பாசன வயல்கள் சூழ்ந்த மயிலாடுதுறை நகரிலேயே ஒரு சிறுத்தை நடமாடக் காணப்பட்டது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடப்பட்டது. சில தினங்களுக்குப் பின் அரியலூர் ஜில்லா செந்துறையிலும் ஒரு சிறுத்தை தென்பட்டது. இத்தகைய வேளைகளில் ஜனங்கள் ஒருமுகமாகக் கேட்பது ஒன்றே: கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விடவேண்டும் என்பது. இது நியாயமான கோரிக்கையாகவே தோன்றும். ஆயினும் இவ்வுபாயம் குடியானவனுடைய ஆட்டையும் காப்பதில்லை, அவன் குழந்தையையும் காப்பதில்லை என்பதே எமது அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை இங்கு விளக்குவோம்.

சிறுத்தை காட்டில் மட்டுமே வாழும் பிராணி என்று எண்ணுவது பிழை. பதுங்க மறைவும் தின்ன இரையும் கிடைக்கும் இடமெல்லாம் அதற்கு இருப்பிடமே. மகாராஷ்டிரத்தில் பூனா ஜில்லாவைச் சேர்ந்த ஜுன்னர் வட்டாரம் இதற்குத் தக்க உதாரணமாகும். குக்கடி நீர்ப்பாசனத் திட்டத்தின் அணைகள் எழுந்தபின் அங்கே கரும்புச் சாகுபடி பெருகிற்று. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, ஓராண்டுக் காலம் வரை வெட்டப்படாமல் நிற்கும் கரும்பு சிறுத்தைக்கு நல்ல மறைவாயிற்று. கரும்புக்குள்ளேயே அது குட்டி போடுகிறது. கரும்புக்குள்ளேயே அக்குட்டிகள் வளர்கின்றன. ஜுன்னருக்கு அண்டையிலுள்ள அகோலே பள்ளத்தாக்கைப் பற்றி வித்யா ஆத்ரேயாவும் அவருடன் உழைத்தவர்களும் 2013இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வசிக்கும் அந்த விளைநிலத்தில், 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 சிறுத்தைகள் இருந்தன. 

இனி, பிடித்து வேறிடத்தில் விட்டதன் பலனைப் பார்ப்போம். ஜுன்னர் வட்டாரத்தில் 2001ஆம் வருஷம் முதல் சிறுத்தைகளைக் கூண்டிற் பிடித்து, சராசரி 40 கிலோமீட்டர் தூரத்திலுள்ள காடுகளில் விடலானார்கள். அதற்கு முன்னர் வருஷத்திற்குச் சராசரி 4 பேர் தாக்கப்பட்டனர். அதற்குப் பின்னரோ 17 பேர் தாக்கப்பட்டனர். சிறுத்தைகளை விட்ட இடங்களுக்கு அருகிலும் தாக்குதல்கள் நிகழ்ந்தன. 2011இல் வெளியான ஆராய்ச்சி இக்கணக்கைத் தருகிறது. அதே வருஷத்தில் மத்திய சர்க்கார் வகுத்த வழிகாட்டு விதிகளும், ஓரிடத்தில் கண்ணிற்பட்டது என்ற காரணத்திற்காக மட்டும் சிறுத்தையைப் பிடிக்கலாகாது என்றே கூறுகின்றன.

இதன் காரணம் அறிதற்கு அரியதன்று. கூண்டில் அகப்பட்டு மிரண்ட விலங்கு, இரையும் நீரும் இருக்குமிடம் தெரியாத புதிய நிலத்தில் விடப்படுகிறது. அது தன் பழைய இடத்தை நாடி, ஊர்களின் ஊடே அலைகிறது. அது நீங்கிய இடமோ காலியாக இருப்பதில்லை. இடம் தேடித் திரியும் இளஞ் சிறுத்தை அங்கே வந்து சேர்கிறது. அமெரிக்காவில் மலைச்சிங்கம் எனப்படும் பூமாவின் விஷயத்திலும் இத்தகைய அனுபவமே கிடைத்துள்ளது. வாஷிங்டன் மாநிலத்தில் நடந்து 2013இல் வெளியான ஆராய்ச்சியின்படி, பூமாக்கள் மிகுதியாக வேட்டையாடப்பட்ட பிரதேசங்களில் மறுவருஷம் கால்நடைச் சேதமும் புகார்களும் குறையவில்லை, கூடவே செய்தன. வேலியை அடைக்காமல் மாட்டை மட்டும் விரட்டுகிறவனுக்கு விளைச்சல் மிஞ்சுவதில்லை.

அப்படியாயின் அடைக்க வேண்டிய வேலி எது? இதற்கும் அகோலேயே விடை கூறுகிறது. அங்குள்ள சிறுத்தைகளின் உணவை எடைக் கணக்கில் ஆராய்ந்ததில், நாய் 39 சதவிகிதம். ஆடு 11 சதவிகிதமே. ஆயினும் அவ்வட்டாரத்தில் நாய்களைவிட ஆடுகள் ஏழு மடங்கு அதிகம்! பகலில் ஆட்டுடன் மேய்ப்பவன் இருக்கிறான். இரவில் ஆடு அடைபட்டிருக்கிறது. நாயோ கேட்பாரற்றுத் தெருவிலே கிடக்கிறது. எளிதிற் கிடைப்பதையே சிறுத்தை தேடுகிறது என்பது இதனால் விளங்கும்.

ஆகையால் குடியானவர்கள் முதலாவதாகக் கவனிக்க வேண்டியது ஆட்டுக் கொட்டிலே. சிறுத்தை சுவர் ஏறும், மரமும் ஏறும். எனவே மேற்கூரை இல்லாத பட்டி எவ்வளவு உயரமாயினும் பயனில்லை. நான்கு புறமும் சுவரோ உறுதியான கம்பி வலையோ அமைத்து, மேலேயும் மூடி, கதவுக்குத் தாழிடுதல் வேண்டும். வயலிற் கிடை மடக்குவோர் வெறும் தட்டியை நம்பாமல், விளக்குடன் காவலும் வைத்துக்கொள்ளுதல் நலம். இறைச்சிக் கழிவையும் செத்த கோழியையும் ஊரோரத்திற் கொட்டினால் நாய் பெருகும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும். வீட்டருகே புதர் மண்டவிடலாகாது. கரும்பு வெட்டும்போது குட்டிகள் அகப்பட்டால், கையில் எடுக்காமலும் கூட்டங் கூடாமலும் வன இலாகாவுக்குத் தெரிவித்து விலகி நிற்க வேண்டும். தாய் பெரும்பாலும் இரவில் வந்து எடுத்துச் செல்லும். செத்த ஆட்டில் விஷம் வைப்பது சட்டப்படி குற்றம்; அது கழுகையும் நாயையும் சேர்த்தே கொல்லும்.

மனித உயிர் போகும்போது இவ்வாறு பேசலாமா என்று சிலர் கேட்பர். அவர்கள் கோபம் நியாயமானதே. 2024 ஜனவரியில் நீலகிரி ஜில்லா பந்தலூர்ப் பகுதியில் மூன்று வயதுக் குழந்தையையும், 2025 ஜூனில் வால்பாறையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகளையும் நாம் இழந்தோம். அதே வருஷம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பூனா ஜில்லாவிலும் குழந்தைகள் உட்படச் சிலர் மாண்டனர். மனிதரைத் தாக்கிய விலங்கைப் பிடித்தே தீரவேண்டும். அதனை மறுபடியும் எக்காட்டிலும் விடலாகாது. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சிறுத்தைக்கு மிக உயர்ந்த பாதுகாப்பு அளித்த போதிலும், மனித உயிருக்கு அபாயமான விலங்கைப் பற்றி உத்தரவிடத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அதிகாரம் தந்துள்ளது. நாம் ஆட்சேபிப்பது, கண்ணிற்பட்ட சிறுத்தையை எல்லாம் பிடித்து, அயலூரார் தலையிற் கட்டுவதையே. அந்த அயலூரிலும் அந்தி வேளையில் முற்றத்தில் விளையாடும் குழந்தைகள் இருக்கின்றனர் அல்லவா? இருட்டிய பின் குழந்தைகளைத் தனியே வெளியில் விடாமையும், வீட்டு வாயிலில் வெளிச்சம் வைத்தலும் எந்தக் கூண்டையும் விடச் சிறந்த காவலாகும்.

ஈராடு வைத்துப் பிழைக்கும் ஏழை விதவைக்குக் கம்பி வலையும் கூரையும் வாங்கக் கையிற் பொருள் இராது. ஆடு செத்தபின் நஷ்டஈடு கொடுப்பதோடு சர்க்கார் நின்றுவிடாமல், ஆடு உயிரோடிருக்கும்போதே கொட்டிலுக்கு உதவி செய்வதே சிக்கனமும் தருமமும் ஆகும். வன இலாகாவும், விவசாய இலாகாவும், கால்நடை இலாகாவும் இதில் ஒன்றுகூடி உழைத்தல் வேண்டும். சிறுத்தை வந்துவிட்டது என்ற கூக்குரல் எழுந்தபின் கூண்டைத் தேடி ஓடுவதைக் காட்டிலும், இன்று மாலையே நம் கொட்டிலின் கதவையும் கூரையையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். குடியானவர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக.