வண்டியை நிறுத்தும் செலவு

மோட்டார் வாங்கப் போகிறவர்கள், அது எவ்வளவு வேகமாக ஓடும் என்று கேட்பதுண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் போகும் என்றும் தவறாமல் கேட்பார்கள். எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று கேட்டவரை மட்டும் நாம் இதுவரையில் சந்தித்ததில்லை. ஓடாத வண்டியினால் யாருக்கும் பெரிய தீங்கில்லை. நிற்காத வண்டியினால்தான் ஆபத்தெல்லாம். ஆயினும், நிறுத்துகிற சாதனத்தைப் பற்றி நமக்குச் சிந்தனை பிறப்பது, அது ஒரு முறை ஏமாற்றிய பிறகுதான்.

நம் தமக்கையின் குமாரன் உத்தியோக நிமித்தம் ஏற்காட்டில் குடியிருக்கிறான். சனிக்கிழமைதோறும் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு, பன்னிரண்டு வயதான தன் சிறிய காரில் சேலத்துக்கு இறங்கி வருவது வழக்கம். அந்த மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது நேயர்கள் பலர் அறிந்ததே. சென்ற மாதம் ஒரு நாள், வளைவுகளில் பாதியைக் கடந்த சமயம், பிரேக்கை மிதித்தால் பஞ்சை மிதிப்பதுபோல் பெடல் உள்ளே போயிற்றாம். பையன் பதறாமல் கியரைக் குறைத்து, கைப் பிரேக்கையும் இழுத்து, மலைப் பக்கமாக வண்டியை அணைத்து நிறுத்தியிருக்கிறான். தெய்வாதீனமாக ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை.

மறுநாள் அவன் விசாரித்த கடையில் ஒரு யோசனை சொன்னார்கள். ரப்பர் பிரேக் ஹோஸ்களைக் கழற்றி எறிந்துவிட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் பின்னிய ஹோஸ்களைப் போட வேண்டுமாம். நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து விலை 12,000 ரூபாய்.

"மாமா! குழந்தைகளின் உயிரைவிட 12,000 ரூபாய் பெரிதா? போட்டுவிடட்டுமா?" என்று கேட்டான்.

இப்படிக் கேட்டால் வேண்டாமென்று யார்தான் சொல்லுவார்கள்? "போட்டுவிடு, அப்பா!" என்று நாமும் சொல்லிவிட்டோம். இரவு படுத்த பிறகுதான் வெட்கம் உண்டாயிற்று. வருஷந்தோறும் பிள்ளைகளுக்குப் பாஸ்கலின் விதியைப் போதித்து வரும் நாம், அந்த விதியை ஒரு கணமும் நினையாமல் பிறர் பணத்தைச் செலவிட உத்தரவு கொடுத்துவிட்டோமே!

மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அவ்வழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்பது 17-ம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்துப் பாஸ்கல் கூறிய உண்மை. ஆதி மோட்டார்களில் கம்பிகளும் தண்டுகளுமே பிரேக்கை இழுத்தன. 1921-ல் அமெரிக்காவின் டூஸன்பர்க் கார் நான்கு சக்கரங்களுக்கும் திரவப் பிரேக்குடன் வெளிவந்தது. ஃபோர்டு கார்களுக்கு அந்தப் பாக்கியம் 1939-ம் வருஷத்து வண்டிகளில்தான் கிட்டியது.

நம் கால் பெடலை மிதிக்கிறது. மாஸ்டர் சிலிண்டரிலுள்ள திரவம் அழுந்துகிறது. அவ்வழுத்தம் எஃகுக் குழாய் வழியாகச் சக்கரத்தின் அருகே போகிறது. ஆனால் சக்கரமோ மேலும் கீழும் அசைவது. முன் சக்கரம் திரும்பவும் வேண்டும். ஆகையால் கடைசிப் பகுதி மட்டும் வளையக்கூடியதாக இருக்கிறது. அதுதான் ஹோஸ். ரப்பர் ஹோஸ் பலமாக அழுத்தும்போது சிறிது உப்பும். காலின் உழைப்பில் கொஞ்சம் அந்த உப்பலில் போய்விடும். புது மாதிரி ஹோஸில் உள்ளே டெஃப்லான் குழல், வெளியே எஃகுப் பின்னல். ஆகையால் உப்பல் குறைவு. பெடல் காலடியில் கெட்டியாக நிற்கும். எவ்வளவு மிதிக்கிறோம் என்பதும் காலுக்குத் தெளிவாகத் தெரியும். இதுவரையில் கடைக்காரர் சொன்னதில் பொய்யில்லை.

ஆனால் வண்டியை நிறுத்துவது ஹோஸ் அன்று. டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பே. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு வினாடி ஆகுமானால், அதற்குள் வண்டி 22 மீட்டர் ஓடிவிடும். பிறகு நல்ல உலர்ந்த சாலையில் நிற்பதற்குச் சுமார் 31 மீட்டர் வேண்டும். காலை அழுத்தி மிதித்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும் வண்டியில், அல்லது ஏ.பி.எஸ். வேலை செய்யத் தொடங்கும் வண்டியில், பிடிப்பு முழுவதையும் ஏற்கெனவே பயன்படுத்தியாயிற்று. புது ஹோஸ் அந்த 31 மீட்டரைச் சொல்லத்தக்க அளவு குறைக்காது. பந்தயக்காரர் சுற்றுக்குச் சுற்று பலமாகப் பிரேக் போடுகிறவர். அவருக்குக் காலடி நுட்பம் அவசியம். குடும்பஸ்தர் அதே விலை கொடுத்து வாங்குவது பெரும்பாலும் ஒரு சுகானுபவத்தையே.

நிற்க. அன்று மலையில் பெடல் ஏன் தாழ்ந்தது? ஆட்களோடு சேர்ந்து 1,200 கிலோ எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, சாதாரண வெப்பத்திலுள்ள 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஏற்காட்டிலிருந்து சேலம் அதற்கும் அதிகமான இறக்கம். எஞ்சினைத் தடுக்க விடாமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால், அவ்வுஷ்ணத்தின் பெரும் பங்கு சக்கரங்களில்தான் சேரும்.

நாம் பிரேக் ஆயில் என்று அழைப்பது உண்மையில் எண்ணெய் அன்று. காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும் திரவம் அது. டாட் 4 என்னும் வகை, புதிதாக இருக்கையில் 230 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கலாகாது என்பது விதி. நூற்றில் 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டாலோ, அதே விதி 155 டிகிரி தாங்கினால் போதும் என்று இறங்கி வந்துவிடுகிறது. கொதித்தால் குமிழி உண்டாகும். திரவம் அழுந்தாது, குமிழி அழுந்தும். கால் மிதிப்பதெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். எஃகு பின்னிய ஹோஸுக்குள்ளும் குமிழி குமிழிதான்!

மறுநாள் காலை, நமக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் எடுத்துக் காட்டிய பிரேக் ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. அதை மாற்றி ஆறு வருஷமாயிற்று என்பது சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. முன் சக்கரத்து ஹோஸை வளைத்தால் ரப்பரில் வெடிப்புகள் தெரிந்தன. பிரேக் பேடுகளும் தேய்ந்து மெலிந்திருந்தன. வண்டியின் கம்பெனியே விற்கும் ரப்பர் ஹோஸ், புதுப் பேடு, புது ஆயில் எல்லாம் போட்டு, குழாய்களில் காற்று எடுத்து முடித்தார். 12,000 ரூபாயில் பாதிகூட ஆகவில்லை. மீதிப் பணம் வழுக்கையாகியிருந்த இரண்டு முன் டயர்களுக்குப் போயிற்று.

பெடலை மிதித்துப் பார்த்த பையன், "புது வண்டிபோல் இருக்கிறது, மாமா!" என்றான். எஃகு ஹோஸுக்குக் கிடைக்கும் புகழில் ஒரு பங்கு இதுவாகத்தான் இருக்க வேண்டும். அதைப் போடும் நாளிலேதான் பழைய ரப்பரும் பழைய ஆயிலும் ஒழிகின்றன. பெயர் மட்டும் எஃகுக்குப் போய்விடுகிறது.

எஃகு ஹோஸே கூடாதென்பது நம் கட்சியன்று. பழைய ஹோஸ் மாற்றும் தருணம் வந்து, விலை வித்தியாசமும் சொற்பமாக இருந்து, அந்த வண்டிக்கென்றே சரியான நீளத்தில் செய்து முறையாகச் சோதித்த சரக்கும் கிடைத்தால் தாராளமாகப் போடலாம். ஆனால் எஃகுப் பின்னல் எதன்மீதாவது உரசினால் அரத்தைப்போல் அராவிவிடும். உள்ளேயிருக்கும் குழலின் நிலையும் வெளியே தெரியாது. பளபளப்புக்காக மலிவுச் சரக்கை வாங்குகிறவர், நல்ல ரப்பரைக் கொடுத்துவிட்டு அபாயத்தை வாங்கி வருகிறார்.

யோசித்துப் பார்த்தால், நாம் அன்று "போட்டுவிடு" என்றது குழந்தைகள்மீதுள்ள அன்பினால் மட்டும் அன்று. பணத்தைக் கொடுத்துவிட்டால் கவனத்தைக் கொடுக்க வேண்டாம் என்கிற சோம்பலும் அதில் கலந்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயில் மாற்றுவது, பேடையும் ஹோஸையும் குனிந்து பார்ப்பது, எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குவது, இவற்றுக்கெல்லாம் காசு கொஞ்சம், சிரத்தைதான் அதிகம். அந்தச் சிரத்தை நம் குடும்பத்துக்கு மட்டும் செய்யும் கடமையன்று. சாலை ஓரமாகப் பள்ளிக்கூடம் போகும் ஏழைச் சிறுவனுக்கும் நம் பிரேக்கில் பங்குண்டு. அதைப் பரிசோதிக்கும் உரிமைதான் அவனுக்கு இல்லை.

சென்ற சனிக்கிழமை நாமும் அந்த வண்டியில் இறங்கினோம். இரண்டாவது கியரில் எஞ்சின் முனகிக்கொண்டு வந்தது. பின்னால் குழந்தைகள் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தார்கள். இம்முறை எண்ணிக்கை இருபது வரையில் தடையின்றிப் போயிற்று.