மீண்டவரின் அயர்வு

'புற்றுநோயிலிருந்து மீண்டவர்' என்று ஒருவரைக் குறிப்பிடுகையில் அவர் எதிலிருந்து மீண்டார் என்பதை நாம் சொல்லிவிடுகிறோம். எந்த நிலைக்கு மீண்டார் என்பதைக் கேட்பதில்லை. சிகிச்சை முடிந்து 5 ஆண்டு, 10 ஆண்டு கழிந்த பின்னும் அகலாத ஒரு களைப்பு அவர்களுள் பலரிடம் தங்கிவிடுகிறது. மீண்டோருள் நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இதற்கு ஆட்படுவதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. செய்த வேலையின் அளவோடு இக்களைப்புக்குப் பொருத்தமில்லை. உறங்கி எழுந்தாலும் தீர்வதில்லை.

களைப்பு, சோர்வு, அசதி, அலுப்பு, தளர்ச்சி எனச் சொல்வளம் மிக்க மொழி நம்முடையது. ஆயினும் மேலநீலிதநல்லூரிலும் சங்கரன்கோவில் வட்டாரத்துப் பிற ஊர்களிலும் இவர்களைக் குறித்து நம் காதில் விழுவது 'சோம்பல்' என்ற சொல்லே. "அதான் எல்லாம் சரியாயிட்டுல்லா, இன்னும் என்ன படுக்கை?" என்ற கேள்விக்கு அவர்களிடம் விடையில்லை. தலைமுடி வளர்ந்துவிட்டது, மருத்துவரும் நோய் இல்லை என்று கூறிவிட்டார். காட்டுவதற்குத் தழும்பைத் தவிர வேறு சான்று இல்லை.

இஃது வெறும் மனவருத்தம் சார்ந்த செய்தியன்று. பீடி சுற்றும் பெண்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே கூலி. கை ஓய்ந்தால் கூலியும் குறையும். மாதச் சம்பளக்காரருக்குள்ள விடுப்பு அவர்களுக்கு இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளுள்ளும் இந்நிலை இடம்பெறவில்லை.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அன்று கேட்கப்பட்டது 'பிழைப்பாரா?' என்ற ஒரே கேள்வி. 2021இல் மறையும் வரை மருத்துவர் சாந்தா போன்றோர் ஆற்றிய பணியின் பயனாக அக்கேள்விக்கு 'ஆம்' என்ற விடை பெற்றோர் இன்று ஊர்தோறும் உள்ளனர். அவர்கள் எவ்வாறு வாழ்கிறார்கள் என்பதே இனி எழ வேண்டிய கேள்வி என நாம் கருதுகிறோம்.

அதற்குப் பெருஞ்செலவும் தேவையில்லை. மறுபரிசோதனைக்கு வருவோரிடம் களைப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாம். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, உறக்கமின்மை, வலி, மனச்சோர்வு ஆகியவை பின்னணியில் உள்ளனவா என்று பார்க்கலாம். இவை பெரிதும் மருத்துவத்துக்குக் கட்டுப்படுபவை. இவை எதுவும் இல்லாதபோதும் களைப்பு நீடிப்பதுண்டு. அப்போது 'படுத்து ஓய்வெடு' என்பதே நாம் கூறும் அறிவுரை. ஆய்வுகளோ உடலின் அளவறிந்து, மருத்துவரைக் கலந்து, சிறிது சிறிதாகக் கூட்டும் நடைப்பயிற்சி உதவுவதாகக் காட்டுகின்றன. சோம்பல் என்று ஏசுவதும் படுக்கையிலேயே கிடத்துவதும் இருவேறு தவறுகள்.

இந்நிலைக்கு 'அயர்வு' என்னும் சொல்லை நாம் முன்மொழிகிறோம். 'அயர்தல்' என்பதற்குத் தளர்தல், மறத்தல் என்னும் இரு பொருளும் உண்டு. மீண்டோர் பலர் களைப்போடு மறதியையும் சொல்லி வருந்துகின்றனர். இரண்டையும் ஒரு சொல்லே தாங்குகிறது. பெயரிட்டதனால் நோவு தீர்ந்துவிடாது. ஆனால் "எனக்கு அயர்வு இருக்கிறது" என்று ஒரு பெண் மருத்துவரிடமும் மாமியாரிடமும் சொல்லவும், அதை அவர்கள் சாக்குப்போக்கு என்று தள்ளாதிருக்கவும் முதலில் ஒரு பெயர் வேண்டும். தமிழ் பயின்றோர் செய்யக்கூடிய சிறு உதவி அது.